இடமில்லாத பல்

யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் வாயைத்தான் பார்ப்பார். முகம் அப்புறம். பெயர், ஊர், வந்த காரியமெல்லாம் அதற்கும் அப்புறம். மலைமேல் கட்டபெட்டுப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தையல் டீச்சராகச் சேர்ந்த அன்று, தலைமையாசிரியை என்னை ஒவ்வொருவரிடமும் அழைத்துப்போய் அறிமுகம் செய்து வைத்தார். மற்றவர்கள் வணக்கம் சொன்னார்கள், எந்த ஊர் என்று கேட்டார்கள். சயின்ஸ் டீச்சரம்மாவான இவர் மட்டும் என் உதட்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கீழ வலது பக்கம் ரெண்டு சொத்தை இருக்குதுங்களே, வலிக்கறதில்லீங்களா?" என்று கேட்டார்.

எல்லோர் முன்னாலும் கேட்டார். கல்யாணமாகாத பெண்ணிடம் முதல் நாள் கேட்கிற கேள்வியா அது? அன்றைக்கு வாய்க்குப் போன என் கை, அவர் இருக்கிற இடத்தில் அதற்குப் பிறகு லேசில் கீழே இறங்கவில்லை. நான் மட்டுமல்ல, ஊரே அப்படித்தான் இருந்தது. மளிகைக் கடைக்காரர் அவருக்குச் சாமான் கட்டும்போது உதட்டைப் பிரிக்காமலே விலை சொல்வார். எங்கள் தலைமையாசிரியை அவர் வந்து எதிரில் நின்றால் சட்டென்று ஏதாவது காகிதத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

என் போதாத காலம், எனக்குக் கிடைத்த வாடகை அறை அவர் அறைக்கு அடுத்ததாக இருந்தது. தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருடைய வீடு. பின்பக்கம் இரண்டு அறைகளைத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். நடுவில் இருந்தது வெறும் பலகைச் சுவர். அவர் தும்மினால் நான் ஆண்டவரே என்பேன். அவர் பல் விளக்கினால் என் தூக்கம் போய்விடும். எழுந்ததும் ஒரு தடவை, காப்பி குடித்ததும் ஒரு தடவை, எதைத் தின்றாலும் ஒரு தடவை. ஐஸாக இருக்கிற குழாயடியில், தலையைச் சுற்றி மஃப்ளரைக் கட்டிக்கொண்டு, சொம்பில் ஆவி பறக்க வெந்நீரை வைத்துக்கொண்டு நிற்பார். நிதானமாகச் செய்கிற காரியமாக அது எனக்குத் தோன்றியதே இல்லை. வெளியே யாரோ நிற்கிறார்கள் என்று பயந்து தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்க்கிறவர் மாதிரிதான் இருக்கும்.

"ஏனுங்க டீச்சர், வாய்க்குள்ள வெள்ளையடிக்கிறீங்களா?" என்று வீட்டுக்காரம்மா சமையலறை ஜன்னலிலிருந்து கேட்பார். விறகு அவர்களுடையது, வெந்நீரும் அவர்களுடையது. கேட்க உரிமை இருந்தது.

அவர் துப்பிவிட்டுத்தான் பதில் சொல்வார். "மலைல வேம்பு வளராதுங்க. இல்லாட்டி உங்க தண்ணியத் தொடுவனா?"

தாராபுரத்துப் பக்கத்துக்காரர் அவர். நாற்பதைத் தொட்டிருப்பார். ஒல்லி, உயரம், சாம்பல் நிற ஸ்வெட்டர். சிரித்தால் பற்கள் அவ்வளவு அழகாக இருக்கும், வரிசையாக, பால் வெள்ளையாக. சிரிக்கத்தான் மாட்டார்.

அவருடைய வகுப்பறைக்கு அடுத்ததுதான் என் தையல் அறை. மனித உடல் பற்றிய பாடத்தை எடுக்கிற வாரத்தில் மேஜைமேல் எலும்புகளைப் பரப்பி வைத்துவிடுவார். காட்டெருமைத் தாடை, காட்டுப்பன்றித் தாடை, ஒரு மந்தியின் மண்டை, கடைசியில் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமான மனித மண்டையோடு. காட்டில் கிடந்த மிருக எலும்புகளை விறகு பொறுக்கப் போகிறவர்களிடம் சொல்லி வைத்து வாங்கியிருந்தார். அந்த வாரம் முழுக்க என் வகுப்புப் பெண்கள் ஊசியில் நூல் கோக்காமல் பக்கத்து அறைக்கே காதைக் கொடுத்திருப்பார்கள். நானும்தான்.

"இந்தக் காட்டெருமைக்கு யாரு பல்லு விளக்கி விட்டாங்க?"

"யாருமில்லீங்க டீச்சர்."

"சொத்தை இருக்குதா, பாரு."

"இல்லீங்க டீச்சர்."

"மந்திக்கு?"

"இல்லீங்க."

"அப்ப நமக்கு மட்டும் எதுக்குப் பிரஷ்ஷும் பேஸ்ட்டும்?"

அவரே சொல்வார். "நம்ம பல்லு நேத்து உண்டானதில்லை. லட்சக்கணக்கான வருஷமாப் பச்சைக் கெழங்கு, நாரு, கொட்டை, கறின்னு கடிச்சுக் கடிச்சு உருவான பல்லு. அதெல்லாம் கடிக்கறப்பவே பல்லு பாதி சுத்தமாயிரும். அப்புறம் நாம அடுப்பு மூட்டினோம். நெல்லு வெதைச்சோம். எல்லாத்தையும் கொழைய வேகவெச்சோம். போதாததுக்குச் சக்கரையைக் கொண்டாந்தோம். வாய்க்குள்ள இருக்கற கிருமிக்கு அன்னிலிருந்து தீவாளிதான். மாவையும் சக்கரையையும் தின்னுட்டு அமிலத்தக் கக்குது. அந்த அமிலம் பல்லைக் கரைக்குது. சாப்பாட்டை மாத்தின நாம பல்லுகிட்டச் சொல்லவே இல்லை. அது இன்னும் காட்டுலயேதான் இருக்குது."

இதுவரை சரி. பாடமாகக் கேட்டுக்கொண்டு போய்விடலாம். நடுவட்டத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்த ஒரு பெண் கையைத் தூக்கி, "அப்ப மிருகத்துக்குப் பல்லு கெடவே கெடாதுங்களா டீச்சர்? யானைக்கு?" என்று கேட்டாள். அவள் ஊரில் யானை ரோட்டில் நிற்கும்.

"யானைக்குக் கடைவாய்ப் பல்லு ஆறு தடவை முளைக்கும். ஒண்ணு தேஞ்சா அடுத்தது பின்னாலிருந்து தள்ளிட்டு வரும். ஆறாவதும் தேஞ்சுட்டா அப்புறம் வராது. உடம்புல வேற ஒரு நோவும் இருக்காது. வயித்துல பசி இருக்கும், முன்னால தழை இருக்கும், மெல்ல முடியாது. சேத்துல மெத்துனு இருக்கற புல்லாத் தேடிப் போகும். அங்கயே நிக்கும். அங்கயே விழுந்துரும்." தாடையெலும்பை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. "காட்டுல பல்லு போச்சுன்னா உசுரு போச்சு. யானைக்கு ஆறு தடவை. உங்களுக்கு ரெண்டே ரெண்டு தடவை. அதுல ஒண்ணு ஏற்கெனவே விழுந்தாச்சு."

பக்கத்து அறையில் நான் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று மத்தியானம் சோற்றை வாயில் வைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஒரு பெண்ணின் அப்பா எஸ்டேட்டில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, "புள்ள ராத்திரி பூரா தூங்க மாட்டேங்குதுங்க டீச்சர். பல்லுக்குள்ள என்னமோ ஆசிட் ஊத்துதுன்னு அழுவுது. கொஞ்சம் பயமில்லாமச் சொல்லிக் குடுங்க" என்றார்.

"பயப்படட்டுங்க. பயந்தாத்தான் வெளக்கும்" என்றார் இவர். பிறகு அந்த மனிதருடைய வாயைப் பார்த்தார். அவர் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டே படியிறங்கிப் போனார்.

இவ்வளவு சொன்ன பிறகு அவரைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. சாயங்காலங்களில் பச்சைக் கேரட், தேங்காய்ச் சில்லு, வேகாத சோளம் என்று எதையாவது கடித்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து உட்காருவார். எனக்கும் ஒரு கேரட் நீட்டுவார். நான் டீயில் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டை முக்கித் தின்றுகொண்டிருப்பேன். மலையில் பிறந்தவளுக்கு வர்க்கி இல்லாமல் சாயங்காலம் ஏது? அவர் அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அது தீனியில்லீங்க. பசை. பல்லுச் சந்துல போய் அப்பிக்கும்."

"கடவுள் குடுத்த பல்லை நாம இத்தனை பாடுபட்டுக் காப்பாத்தோணுமுங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். நான் கோயிலுக்குத் தவறாமல் போகிற கிறிஸ்தவப் பெண். லட்சக்கணக்கான வருஷக் கணக்கெல்லாம் எனக்குக் கொஞ்சம் இடித்தது.

"கடவுள் பல்லைக் குடுத்தப்ப வர்க்கி இல்லீங்களே" என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். என் கை வாய்க்குப் போகவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

அதே வாசலில்தான் இன்னொரு நாள், பள்ளிக்கூடத்து மண்டையோட்டின் கீழ்த்தாடையைத் துடைத்துக்கொண்டே கடைசிப் பல்லைப் பற்றிச் சொன்னார். "சின்ன வயசுல கெட்டியாக் கடிச்சு மென்னாத்தான் தாடை நல்லா வளரும். நாம கொழந்தைக்குக் கொழைச்சுக் கொழைச்சு ஊட்டறோம். தாடை சின்னதாப் போயிருது. பல்லு மட்டும் பழைய கணக்குக்கே வருது. கடைசியா வர்றதுக்கு இடமில்லை."

"அப்ப அது எங்கதானுங்க போகும்?"

"எங்க போகும்? உள்ளயே படுத்துக்கும். நிறையப் பேருக்கு ஒண்ணும் ஆகறதில்லை." தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க அக்காவுக்கு மூணே நாள்தானுங்க. வாய் தொறக்க முடியலைன்னாங்க, கழுத்து வீங்குச்சு, மூச்சு நின்னுருச்சு. பல்லுவலியில யாராவது சாவாங்களான்னு ஊரே கேட்டுது. செத்துட்டாங்களே."

அவர் குரல் மாறவே இல்லை. தாடையை வைத்துவிட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அன்றைக்குத்தான் அந்த மனுஷியை நான் புரிந்துகொண்டேன். அவர் எங்களையெல்லாம் பயமுறுத்திக்கொண்டிருக்கவில்லை. தான் பயந்துகொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதன் பிறகுதான்.

என் இரண்டு சொத்தைப் பற்களையும் பிடுங்கக் குன்னூருக்குப் போனபோது துணைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வெளியே பெஞ்சில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் முகம் என்னைவிட வெளுத்திருந்தது. "பல்லு புடுங்கற சத்தம் கேட்டுதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை எங்கள் பக்கத்தில் விளையாட்டில்லை. வாரக்கணக்கில் வெயிலே இருக்காது, மூடுபனி சமையலறை வரைக்கும் வந்துவிடும். ஊரில் ஒரு முகத்தையும் முழுசாகப் பார்க்க முடியாது. எல்லோரும் மஃப்ளர், ஸ்கார்ஃப், கம்பளி என்று காதையும் கன்னத்தையும் சுற்றிக் கட்டியிருப்போம். கண்ணும் மூக்கும்தான் வெளியே தெரியும். அவரும் அப்படித்தான் சுற்றியிருந்தார். அதில் சந்தேகப்பட எதுவுமில்லை.

ஒரு சாயங்காலம் அவர் கேரட் இல்லாமல் வந்தார். என் தட்டிலிருந்த வர்க்கியில் ஒன்றை எடுத்து டீயில் போட்டு, அது கரைந்து கூழாகும்வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினார். "என்னங்க டீச்சர், இன்னிக்கு மழை வேற பக்கமாப் பெய்யுதோ?" என்று கேலி செய்தேன். அவர் குளிர் என்று கையால் சைகை காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் மஃப்ளர் விலகியபோது வீட்டுக்காரம்மாதான் பார்த்தார். இடது தாடைக்குக் கீழே வீக்கம். "அட, பொன்னுக்கு வீங்கி!" என்றார். குழந்தைகளுக்கு வருமே, கன்னத்துக்கடியில் புடைத்துக்கொண்டு, அதுதான். அது பொன் கேட்டு வருகிற வீக்கம், கழுத்தில் பவுன் சங்கிலி போட்டால் தானாக வற்றிவிடும், ஆஸ்பத்திரி ஊசியெல்லாம் அதற்கு ஆகாது என்பது அந்த அம்மாவின் தீர்மானம். ஊரில் பலருக்கும் அதுதான் தீர்மானம். தன் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி இவர் கழுத்தில் போட்டார். தைலம் தடவினார். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து சுடச்சுட ஒத்தடம் கொடுத்தார். நல்ல மனசு. இந்தக் காலத்தில் யார் பவுனைக் கழற்றி வாடகைக்கு இருப்பவள் கழுத்தில் போடுவார்கள்?

ஒட்டுவாரொட்டி என்பதால் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம் என்று தலைமையாசிரியை சொல்லியனுப்பினார். நாற்பது வயதில் பொன்னுக்கு வீங்கியா என்று ஆசிரியர் அறையில் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். சயின்ஸ் படித்தவர், சங்கிலியைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறாரே, அப்படியானால் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்குத் தெரியும். எல்லாம் தெரியும். பொன்னுக்கு வீங்கி என்றால் கௌரவமான வியாதி, யாருக்கும் வரலாம். பல் என்று சொன்னால்? ஊரிலுள்ள வாயையெல்லாம் பார்த்தவருடைய வாய் கெட்டுப்போச்சாம் என்று கட்டபெட்டுக் கடைவீதி முழுக்கப் பேசும். அந்தப் பேச்சைவிடச் சங்கிலி சுலபமாக இருந்திருக்கிறது.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டுக்காரம்மா தடுத்தார், எனக்குச் சின்ன வயசிலேயே வந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினேன். அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துண்டு. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி அதை நனைத்திருந்தது. வீக்கம் ஒரு பக்கத்தில் இல்லை. தாடை எது, கழுத்து எது என்று தெரியாமல் முழுக்கப் பரவி, கல் மாதிரி இறுகியிருந்தது. சங்கிலி சதைக்குள் புதைந்து ஒரு கோடாகத்தான் தெரிந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் ஒரு விசில் சத்தம்.

நான் கஞ்சியைக் கீழே போட்டேனா, வைத்தேனா, தெரியாது. "டீச்சர்! டீச்சர், என்னங்க இது?"

பற்கள் ஒரு விரல் நுழையாத அளவுக்குக் கிட்டித்திருந்தன. அந்தச் சந்து வழியாக ஒரு வார்த்தை சொன்னார். "பல்லு."

அவர் கண்ணில் நான் பார்த்த பயத்தை என்னால் எழுத முடியவில்லை. தனக்கு அடுத்து என்ன ஆகும் என்று படிப்படியாகத் தெரிந்த ஒருவர் கண். மூணே நாள் என்று அவர் சொன்னது என் காதில் மணியடித்தது. வர்க்கியைக் கரைத்துக் குடித்த சாயங்காலத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். மூன்றாவது நாள். ரோட்டுக்கு ஓடினேன்.

பக்கத்து எஸ்டேட்டின் ஜீப் கிடைத்தது. டிரைவர் நல்ல பையன், கேள்வி கேட்காமல் எடுத்தான். அவரால் சாய முடியவில்லை, சாய்ந்தால் மூச்சு அடைத்தது. பின்சீட்டில் நிமிர்த்தி வைத்து நான் பிடித்துக்கொண்டேன். சங்கிலியின் கொக்கியைத் தேடி விரலால் சதையை அழுத்தியபோது அவர் முனகினார். ஒரு வளைவில் கொக்கி கழன்று வந்தது. அவ்வளவு நேரமும் அவர் முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தார். வாயிலிருந்து வந்த வாடை எனக்கு வந்துவிடக்கூடாது என்று, அந்த நிலைமையிலும். நான் தலையை இழுத்து என் தோளில் சேர்த்துக்கொண்டேன்.

குன்னூர் ரோட்டில் பாதி வழியில் ஒரு கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், குறுக்கே விழுந்து கிடந்தது. ரோடு வேலைக்காரர்கள் கோடாலியோடு நின்றார்கள். மழை. டிரைவர் இறங்கி ஓடிப்போய், "உள்ள ஆளு போயிட்டிருக்குதுங்கண்ணா, சீக்கிரம்!" என்று கத்தினான். எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் மறந்துவிட்டது. அந்த விசில் சத்தம் நிற்காமல் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை அது நின்றது. என் உயிரும் நின்றது. பிறகு மறுபடி இழுத்தார்.

மரத்தை வெட்டித் தள்ளி, ஜீப் நுழைகிற அளவுக்கு வழி விட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் கழுத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "யாரு இதைப் பொன்னுக்கு வீங்கின்னு சொன்னது?" என்று ஒரு சத்தம் போட்டார். அதற்கு மேல் பேச நேரமில்லை. மயக்க மருந்து கொடுக்கப் பயமாக இருக்கிறது என்று சொல்லி, மரத்துப்போக ஊசி மட்டும் போட்டுத் தாடைக்கடியில் கீறித் திறந்தார்கள். நான் வராந்தாவில் நின்றேன். அவர் கத்தவில்லை. கத்த வாய் திறக்க வேண்டுமே.

பிழைத்தார். வாய் திறக்க ஆரம்பித்ததும் அந்தப் பல்லை உடைத்துத் துண்டு துண்டாக எடுத்தார்கள். தாடையில் இடமில்லாமல் படுக்கையாகக் கிடந்த கடைசிப் பல். மேலே ஈறு பாதி மூடி, உள்ளே பொந்து மாதிரி இருந்ததாம். "அங்க எந்தப் பிரஷ்ஷும் போகாதுங்க" என்றார் டாக்டர்.

"நான் இத்தனை வெளக்கினது?" என்று இவர் கேட்டார். குரல் குழந்தைக் குரலாக இருந்தது.

"அதனாலதான் மத்த பல்லெல்லாம் முத்தாட்டம் இருக்குதுங்க. இது உங்க தப்பில்லை. ஆனா வலது பக்கமும் இதே மாதிரி ஒண்ணு படுத்திருக்குது. புண் ஆறினதும் வந்து எடுத்துக்கோணும். தள்ளிப் போட்டுறாதீங்க."

கட்டபெட்டுக்குத் திரும்பியவர் வேறு ஆளாக இருந்தார். யாருடைய வாயையும் பார்க்கவில்லை. கடைக்காரர் ஆச்சரியமாகப் பல் தெரியச் சிரித்தார், அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தார். பாடம் எடுத்தார், எலும்புகளை அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பல் விளக்குகிற சத்தம் மட்டும் அப்படியே இருந்தது, இன்னும் நீளமாக, இன்னும் அவசரமாக. ஒருநாள் என்னிடம் சொன்னார். "கல்லு ஒடைக்கற சத்தமுங்க. மண்டைக்குள்ளயே கேட்டுது. இன்னும் கேக்குது."

வலது பக்கத்துப் பல்லை எடுக்க நாள் குறித்து, நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது. குழாய் எங்கே என்று கேட்டுக்கொண்டு எழுந்து போனார். நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட்டபோது அவர் திரும்பி வரவில்லை. குழாயடியில் இல்லை. வாசலில் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மேட்டுப்பாளையம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார்.

"இறங்குங்க டீச்சர்! ஒரு மணி நேரத்து வேலைங்க, முடிஞ்சுரும்!" பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்கக் கத்தினேன். "இறங்குங்க, உங்களுக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சதுனாலதானுங்க" என்றார். "எனக்குப் பயமா இருக்குது."

பஸ் நகர்ந்தது. கூடவே கொஞ்ச தூரம் ஓடினேன். அவர் திரும்பி வரவில்லை. லீவு நீண்டது, பிறகு சொந்த ஊர்ப்பக்கமே மாற்றலாகிவிட்டது என்றார்கள். அவருடைய சாமான்களை வந்து எடுத்துப் போனது அவர் தம்பி.

அதற்கு எத்தனையோ மாதம் கழித்து, எங்கள் கணக்கு டீச்சர் தாராபுரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தார். டீ குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார். "உங்க சயின்ஸ் டீச்சரை அங்க பாத்தனுங்க. நல்லாத்தான் இருக்காங்க. கொஞ்சம் எளைச்சிருக்காங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பேசினாங்களா? என்ன சொன்னாங்க?"

"எங்க பேசினாங்க? வாயைத் தொறக்காமத் தலையத் தலைய ஆட்டினாங்க. பந்தியில உக்காரக்கூட இல்லீங்க. ஒரு டம்ளர் மோரு மட்டும் வாங்கி, அதையும் ஸ்பூன்ல கொஞ்சங்கொஞ்சமா ஊத்திக்கிட்டாங்க. இவங்களுக்கு மட்டும் அப்படி என்ன பத்தியமோ போங்க."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "எப்பங்க கல்யாணம்? நேத்தா?"

"அது ஆச்சுங்களே, ஒரு மாசத்துக்கு மேல" என்றார் அவர்.

நான் விசாரிக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றுவரைக்கும் இல்லை. தாராபுரம் பஸ்ஸில் வருகிறவர்களைப் பார்த்தால் வழியை மாற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அவர் பிழைத்திருக்கலாம். அங்கேயும் ஒரு நல்ல டாக்டர் இருந்திருக்கலாம். அது வெறும் வயிற்றுக் கோளாறாகக்கூட இருந்திருக்கலாம். இவ்வளவு எழுதியும் அவருடைய பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. எழுதினால், தெரிந்தவர்கள் யாராவது படித்துவிட்டு, அவர் என்ன ஆனார் என்று எனக்குச் சொல்லிவிடுவார்கள்.